பல் அடைப்புக் கம்போசிட்: இறுகும்போதும் நாள்படும்போதும் உள்ளே நடக்கும் மாற்றங்களை அளக்க ஒரு முழு வழிகாட்டி

நீல விளக்கு அணைந்ததும் அடைப்பு கல்லாகிவிட்டது என்றுதான் நாற்காலியில் இருப்பவர் நினைக்கிறார். உள்ளே வேதிவினை நிற்பதில்லை. அடுத்த ஒரு நாள் வரை அது மெதுவாகத் தொடரும். அதன்பின் உமிழ்நீர் மெல்ல உள்ளே புகும். இணையாமல் விடுபட்ட மூலக்கூறுகள் வெளியே கசியும். ஆகவே கம்போசிட்டைப் பற்றி எந்த எண்ணை எழுதினாலும் அதன் பக்கத்தில் இரண்டு விவரம் இருந்தே ஆக வேண்டும்: விளக்கு அணைந்து எவ்வளவு நேரம் கழித்து அளந்தது, ஒளி பட்ட பரப்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் அளந்தது. இந்த இரண்டும் இல்லாத எண்ணை வேறொருவருடைய எண்ணோடு ஒப்பிட வழியே இல்லை.

காவல்கிணற்றில் பல் மருத்துவ முதுகலை படிப்பவர்களுக்கும், அபிஷேகப்பட்டியிலும் பாளையங்கோட்டையிலும் வேதியியல், இயற்பியல் ஆய்வு செய்பவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்று எழுதியது இது. பெரிய கருவிகள் எல்லாம் இல்லாமலே இதில் பாதிக்கு மேல் செய்துவிடலாம்.

உள்ளே என்ன இருக்கிறது

பெரும்பாலான கம்போசிட்டில் மூன்று பங்கு உண்டு. ஒன்று ரெசின்: ரஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜி.எம்.ஏ., அதன் பாகுத்தன்மையைக் குறைக்கச் சேர்க்கும் டி.இ.ஜி.டி.எம்.ஏ., சிலவற்றில் யு.டி.எம்.ஏ. (மூன்றும் மெத்தாக்ரிலேட் வகை மூலக்கூறுகள்). இரண்டாவது ஃபில்லர்: சிலிக்கா, பேரியம் கண்ணாடி, சிர்கோனியா போன்ற துகள்கள். மூன்றாவது சைலேன்: துகளையும் ரெசினையும் பிணைக்கும் மெல்லிய பூச்சு. இவற்றோடு ஒளியைப் பிடிக்கும் கேம்ஃபர்குவினோனும் அதற்குத் துணையாக ஓர் அமீனும் சிறிதளவு இருக்கும்.

ஒளி பட்டதும் ரெசினிலுள்ள கார்பன் இரட்டைப் பிணைப்புகள் திறந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. ஆனால் எல்லாமே கோத்துக்கொள்வதில்லை. வலை இறுக இறுக மூலக்கூறுகள் நகர இடமில்லாமல் போகிறது. வினை தானாகவே தளர்கிறது. வழக்கமான கம்போசிட்டில் 50 முதல் 75 விழுக்காடு இரட்டைப் பிணைப்புகள்தான் இணைகின்றன. மீதி என்ன ஆகிறது என்பதில்தான் மூப்பின் கதை முழுவதும் இருக்கிறது.

முதல் படி: அறையைச் சரிசெய்யுங்கள்

கம்போசிட் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 4049 தரம் மாதிரி தயாரிக்கும் அறை 23 டிகிரி செல்சியஸில், ஒரு டிகிரிக்கு மேல் ஏறி இறங்காமல் இருக்கச் சொல்கிறது. சித்திரை, வைகாசியில் குளிர்சாதனம் இல்லாத நெல்லை ஆய்வகத்தில் இது நடக்காது. பசை, அதாவது இன்னும் இறுகாத கம்போசிட், 35 டிகிரியில் இருந்தால் இளகி ஓடும். மூலக்கூறுகள் எளிதாக நகர்வதால் இணைவு விழுக்காடும் கூடும். கார்த்திகையில் செய்த மாதிரியையும் வைகாசியில் செய்த மாதிரியையும் ஒப்பிட்டால் பொருளின் வேறுபாட்டுக்குப் பதில் பருவத்தின் வேறுபாடுதான் கிடைக்கும். குளிர்சாதன அறை ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டு, எல்லா மாதிரிகளையும் அதிலேயே செய்யுங்கள்.

சிரிஞ்சை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த பசையின் மேல் நீர்த்துளியாகப் படியும். மூடியபடியே ஒரு மணி நேரம் அறையில் விட்டுவிடுங்கள்.

ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கேம்ஃபர்குவினோனைத் தூண்டும். ஜன்னலை மறைத்து, ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டிய விளக்கின் கீழ் வேலை செய்யுங்கள். கண்ணுக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி வேண்டும். இறுகாத பசையைக் கையால் தொடவே கூடாது. மெத்தாக்ரிலேட் சாதாரண மருத்துவக் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் விடாது. கையுறையில் பசை பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள்.

இரண்டாம் படி: ஒளியை அளந்துகொள்ளுங்கள்

கேம்ஃபர்குவினோன் ஏறக்குறைய 470 நானோமீட்டரில் அதிகமாக ஒளியை உறிஞ்சும். இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் அந்தப் பகுதியில்தான் ஒளிர்கின்றன. டி.பி.ஓ. என்ற வேறு தூண்டி கலந்த கம்போசிட்டுக்கு 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியும் வேண்டும். வெறும் நீல விளக்கில் அது அரைகுறையாகவே இறுகும். தயாரிப்பாளரின் தாளில் தூண்டி எது என்று முதலில் பாருங்கள்.

ரேடியோமீட்டரில் ஒளிச்செறிவை அளந்து நொடியால் பெருக்கினால் மாதிரிக்குப் போய்ச் சேர்ந்த ஆற்றல் கிடைக்கும். சதுர செ.மீ.க்கு 1000 மில்லிவாட் விளக்கு 20 நொடி எரிந்தால் 20 ஜூல். விளக்கின் முனையை மாதிரியிலிருந்து சில மில்லிமீட்டர் தூக்கினாலே இந்த எண் குறையும். கையால் பிடிக்காமல் ஸ்டாண்டில் பூட்டுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் செறிவை எழுதிவையுங்கள். முனையில் காய்ந்து ஒட்டிய பசைத் துணுக்கு ஒன்று போதும், அன்றைய அளவுகள் எல்லாம் கீழே இறங்க. பழைய ஹாலஜன் விளக்கு என்றால் மின்னழுத்தம் இறங்கும்போது ஒளியும் இறங்கும். ஆய்வுக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: மாதிரி வார்ப்பது

ஒரே நிறம், ஒரே தொகுதி எண். நிறத்துக்கு ஏ2 எடுப்பது வழக்கம். அடர்ந்த நிறங்கள் ஒளியைத் தடுத்துவிடும். தொகுதி எண்ணையும் காலாவதி நாளையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அச்சைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, அடியில் ஒரு மைலார் ஸ்ட்ரிப் (தெளிவான பிளாஸ்டிக் படலம்), பசை, மேலே இன்னொரு ஸ்ட்ரிப், அதன்மேல் கண்ணாடி வைத்து அழுத்துங்கள். மைலார் இல்லாமல் விட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் வினையைத் தடுத்துச் சில பத்து மைக்ரான் தடிமனுக்குப் பிசுபிசுப்பான படலத்தை விட்டுவிடும். அந்தப் படலத்தை அளந்துவிட்டு ‘இந்தக் கம்போசிட் இறுகவில்லை’ என்று எழுதிய ஆய்வேடுகள் உண்டு. பசையைத் துண்டு துண்டாக வைக்காமல் ஒரே கட்டியாக வைத்து அழுத்தினால் காற்றுக்குமிழ் குறையும். இறுகிய பின் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குமிழ் தெரியும் மாதிரியைத் தயங்காமல் ஒதுக்குங்கள்.

தேவைப்படும் வடிவங்கள் மூன்று. நீர் உறிஞ்சலுக்கு 15 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிமன் வட்டு. வளைவு வலிமைக்கு 25 × 2 × 2 மி.மீ. சட்டம். இணைவு ஆழத்துக்கு 4 மி.மீ. விட்டம், 6 மி.மீ. உயரம் உருளை. வட்டும் சட்டமும் விளக்கு முனையைவிட அகலம் என்பதால் நடுவில் தொடங்கி, முந்தைய இடத்தின் மேல் பாதி படியுமாறு முனையை நகர்த்தி நகர்த்தி ஒளியூட்ட வேண்டும். சட்டத்துக்கு இரு பக்கமும் ஒளியூட்டுங்கள்.

நான்காம் படி: இணைவு விழுக்காடு

இதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். எஃப்.டி.ஐ.ஆர். என்ற அகச்சிவப்பு நிறமாலைக் கருவியில், மாதிரியை வைரத்தின் மேல் வைத்தே அளக்கும் ஏ.டி.ஆர். இணைப்பு இருந்தால் போதும். கல்லூரிக் கருவி அறையில் நேரம் கேட்கும்போது இந்த இணைப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பார்க்க வேண்டிய உச்சங்கள் இரண்டு. 1637 செ.மீ.⁻¹-இல் இருப்பது இணையக் காத்திருக்கும் இரட்டைப் பிணைப்பு. 1608 செ.மீ.⁻¹-இல் இருப்பது பிஸ்-ஜி.எம்.ஏ.-வின் பென்சீன் வளையம். அது வினையில் மாறாது. இரண்டின் விகிதத்தை இறுகும் முன்பும் பின்பும் எடுங்கள். பசையில் விகிதம் 1.80, இறுகிய பின் 0.72 என்றால் மீந்திருப்பது 0.72 ÷ 1.80 = 0.40, இணைந்தது 60 விழுக்காடு.

செய்முறை இப்படி: 2 மி.மீ. உயர வளையத்தை வைரத்தின் மேல் வைத்துப் பசையை நிரப்பி, மேலே மைலார் மூடுங்கள். 4 செ.மீ.⁻¹ துல்லியத்தில் 32 ஸ்கேன் எடுத்து இறுகாத நிலையைப் பதியுங்கள். மேலிருந்து ஒளியூட்டி, அணைந்த நொடியில் கடிகாரத்தைத் தொடங்குங்கள். 1, 5, 10, 30, 60 நிமிடங்களிலும் 24 மணி நேரத்திலும் பதியுங்கள். கருவி வேகமாக ஓடக்கூடியது என்றால் முதல் இரண்டு நிமிடத்தை நொடிக்கொரு பதிவாகத் தொடர்ந்து எடுங்கள். வளைவு செங்குத்தாக ஏறிச் சட்டென்று மடங்கும் இடம் ரெசின் கண்ணாடி நிலைக்குப் போகும் இடம்.

இந்த அமைப்பில் நீங்கள் அளப்பது அடிப்பரப்பை. ஏ.டி.ஆர். கதிர் மாதிரிக்குள் ஓரிரு மைக்ரான்தான் நுழையும். அதாவது 2 மி.மீ. ஆழத்தில், ஒளி மிகக் குறைவாகப் போய்ச் சேர்ந்த இடத்தின் நிலை இது. குறையாக எண்ண வேண்டாம். பல்லில் பிரச்சினை தொடங்குவதும் அங்கேதான். இறுகும்போது மாதிரி சுருங்கி வைரத்திலிருந்து லேசாக எழும்பினால் இரு உச்சங்களும் சேர்ந்து குறையும். விகிதம் மாறாதவரை கவலை இல்லை. உச்சம் இரைச்சலில் மூழ்கும் அளவு குறைந்துவிட்டால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள்.

உச்சங்கள் இரண்டும் நெருக்கமானவை. அடிக்கோட்டை ஒவ்வொரு முறையும் ஒரே இரு புள்ளிகளுக்கு இடையே வரையுங்கள். உயரமா, பரப்பா என்று ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். யு.டி.எம்.ஏ. மட்டுமே உள்ள ரெசினில் பென்சீன் வளையம் கிடையாது, 1608 உச்சமும் வராது. அங்கே 1720 அருகிலுள்ள கார்போனைலையோ 1537 அருகிலுள்ள என்-எச் உச்சத்தையோ துணைக்கு எடுக்கலாம். ஆனால் அவை வினையின்போது சற்று நகரும், ஆகவே அந்த எண்களை பிஸ்-ஜி.எம்.ஏ. எண்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசாதீர்கள்.

இப்போது மிகவும் கவனிக்க வேண்டிய இடம். நீரிலும் ஓர் உச்சம் 1640 செ.மீ.⁻¹ அருகே இருக்கிறது. நீரில் ஊறிய மாதிரியை அப்படியே அளந்தால் அது 1637 மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இணைவு விழுக்காடு குறைந்ததுபோலத் தோன்றும். கோத்துக்கொண்ட பிணைப்பு நீரில் ஊறி மறுபடி இரட்டைப் பிணைப்பாக மாறுவதில்லை. ‘மூப்பினால் இணைவு 60-லிருந்து 52 ஆகக் குறைந்தது’ என்று உங்கள் அட்டவணை சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரத்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பொட்டாசியம் புரோமைடு வில்லை தயாரிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துவிடும்.

தப்பிக்க இரண்டு வழி. மாதிரியை 37 டிகிரியில் சிலிக்கா ஜெல் டெசிகேட்டரில் (ஈரத்தை உறிஞ்சும் மூடிய கலன்) எடை நிலைக்கும் வரை காயவைத்து அளக்கலாம். அல்லது அண்மை அகச்சிவப்புக்குப் போகலாம். அங்கே இரட்டைப் பிணைப்பின் உச்சம் 6165 செ.மீ.⁻¹-இல் தனியாக நிற்கும், நீருடையது 5200 அருகே தனியாக நிற்கும். கண்ணாடி வில்லைகளுக்கு இடையே 1.5 முதல் 2 மி.மீ. தடிமனில் வார்த்த மாதிரியின் வழியாகவே கதிர் கடந்து போகும். தடிமன் மாறாதவரை ஒரே மாதிரியில், ஒரே பதிவில், இணைவும் கிடைக்கும் நீர் உறிஞ்சலும் கிடைக்கும். மூப்பு ஆய்வுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

லேசர் ஒளிச்சிதறலை அளக்கும் ராமன் கருவியில் இதே இரு உச்சங்கள் 1640, 1610 அருகே வரும். சில கம்போசிட்டுகளின் ஒளிர்வு பதிவையே விழுங்கிவிடும். 785 நானோமீட்டர் லேசர் கேட்டு வாங்குங்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலுள்ள சைஃப் என்ற பகுப்பாய்வுக் கருவி மையத்துக்கு மாதிரி அனுப்புவதாக இருந்தால் கருமையான டப்பாவில் அடைத்து, ஒளியூட்டிய நாளும் நேரமும் எழுதி அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: ஆழம்

சுரண்டிப் பார்ப்பது எளிய முறை. 6 மி.மீ. உருளைக்கு மேலிருந்து மட்டும் ஒளியூட்டி, மூன்று நிமிடத்தில் அச்சிலிருந்து தள்ளி, அடியிலுள்ள இளகிய பகுதியைப் பிளாஸ்டிக் கரண்டியால் வழியுங்கள். மீந்த உயரத்தை மைக்ரோமீட்டரில் அளந்து இரண்டால் வகுத்தால் இணைவு ஆழம். இரண்டால் வகுப்பது ஏனென்றால், வழிக்க முடியாத அளவு கெட்டியாக இருப்பது எல்லாம் நன்றாக இணைந்தது ஆகாது.

நுண்கடினம் இதைவிட நுட்பமாகச் சொல்லும். உருளையை மெதுவாகச் சுழலும் வைர ரம்பத்தில் நீர் ஊற்றி நீளவாக்கில் பிளந்து, 600, 1200, 2000 எண் உப்புத்தாளில் நீரோடு தேய்த்து மெருகேற்றுங்கள். நீர் இல்லாமல் தேய்த்தால் எழும் சூடே கூடுதலாக இறுக்கிவிடும். விக்கர்ஸ் முனையில் (அழுத்தித் தடம் பதிக்கும் வைர முனை) 100 கிராம் சுமை, 15 நொடி. மேலிருந்து அரை மி.மீ. இடைவெளியில் ஒவ்வொரு தடமாக இறங்குங்கள். தடத்தின் மூலைவிட்டம் 60 மைக்ரான் என்றால் 1.854 × 0.1 ÷ 0.06² = 51.5. தடங்களுக்கு இடையே குறைந்தது மூன்று மூலைவிட்ட தூரம் விடுங்கள். கடினம் மேற்பரப்பு எண்ணில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் ஆழத்தை எல்லையாகக் கொள்வது வழக்கம். வழக்கமான கம்போசிட்டை 2 மி.மீ. அடுக்காக வைக்கச் சொல்வதற்கு அடிப்படை இதுவே.

ஆறாம் படி: சுருக்கம்

இரட்டைப் பிணைப்புகள் கோக்கும்போது மூலக்கூறுகள் நெருங்குகின்றன. கன அளவு பொதுவாக 2 முதல் 3 விழுக்காடு குறையும், இளகிய வகைகளில் இன்னும் கூட. ஆர்க்கிமிடீஸ் முறையில் பசையின் அடர்த்தியையும் இறுகிய துண்டின் அடர்த்தியையும் அளந்தால் போதும். பசை 2.05, இறுகியது 2.10 கிராம்/கன செ.மீ. என்றால் 1 − 2.05 ÷ 2.10, அதாவது 2.4 விழுக்காடு. அடர்த்தியில் 0.01 தவறினால் சுருக்கத்தில் அரை விழுக்காடு தவறும். ஆகவே 0.1 மி.கி. தராசு, நீரின் வெப்பநிலைக்குரிய அடர்த்தி, பரப்பில் ஒட்டிய குமிழைத் தூரிகையால் நீக்குவது எதையும் விட வேண்டாம்.

ஏழாம் படி: நீரில் மூப்பு

நீர் வேலை செய்வது இரு முகமாக. உடனடியாக ரெசின் வலைக்குள் புகுந்து அதை இளக்கும், லேசாக உப்பச் செய்யும். மெதுவாக எஸ்டர் பிணைப்புகளையும், துகளுக்கும் சைலேனுக்கும் இடையிலுள்ள பிணைப்பையும் நீராற்பகுத்து அறுக்கும். முதலாவது காயவைத்தால் பெரும்பாலும் மீளும். இரண்டாவது மீளாது. இந்த இரண்டையும் பிரித்துக்காட்டாத மூப்பு ஆய்வு அரைகுறையே. எனவே வலிமையோ கடினமோ அளக்கும்போது ஊறிய நிலையில் ஒரு தொகுதி, ஊறிக் காய்ந்த நிலையில் ஒரு தொகுதி என்று மாதிரிகளை முதலிலேயே கூட்டிச் செய்துகொள்ளுங்கள்.

எடை பார்க்கும் ஒழுங்கு: ஐந்து வட்டுகள். டெசிகேட்டரில் 37 டிகிரியில் 22 மணி, பிறகு 23 டிகிரியில் 2 மணி, பிறகு எடை. ஒரு நாளில் இழப்பு 0.1 மி.கி.க்கு மேல் போகாத நிலை வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அது முதல் எடை. இதற்கே இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பொறுமையில்லாமல் இந்தக் கட்டத்தைச் சுருக்கினால் பின்னால் வரும் கரைதிறன் எண்கள் எதிர்மறையாகக்கூட வரும். அடுத்து, வட்டுக்குக் குறைந்தது 10 மி.லி. என்ற கணக்கில் 37 டிகிரி நீரில் 7 நாள். எடுத்து, ஈரம் ஒற்றி, காற்றில் 15 நொடி அசைத்து, எடுத்த ஒரு நிமிடத்தில் நிறுங்கள். இரண்டாம் எடை. மறுபடி டெசிகேட்டர், மறுபடி எடை நிலைக்கும் வரை. மூன்றாம் எடை.

உறிஞ்சல் என்பது இரண்டாம் எடையிலிருந்து மூன்றாவதைக் கழித்து வட்டின் கன அளவால் வகுத்தது. கரைதிறன் என்பது முதல் எடையிலிருந்து மூன்றாவதைக் கழித்து வகுத்தது. 15 × 1 மி.மீ. வட்டின் கன அளவு 176.7 கன மி.மீ. உறிஞ்சல் 3.9 மி.கி. என்றால் 3900 ÷ 176.7 = கன மி.மீ.க்கு 22 மைக்ரோகிராம். ஐ.எஸ்.ஓ. தரம் அனுமதிப்பது உறிஞ்சலில் 40, கரைதிறனில் 7.5. அந்த 7.5 என்பது வட்டு ஒன்றுக்கு வெறும் 1.3 மி.கி. இழப்பு. தராசின் 0.1 மி.கி. ஆட்டமே இதில் ஏறக்குறைய 0.6 வரும். ஆகவே வட்டைச் சாமணத்தால் மட்டும் எடுங்கள், ஓரப் பிசிறுகளை முதலிலேயே தேய்த்துவிடுங்கள்.

மூன்றாம் எடை ஏன் தேவை? ஊறும்போது நீர் உள்ளே போகிறது, இணையாத மூலக்கூறு வெளியே வருகிறது. வெறும் எடைக்கூடுதல் இந்த இரண்டின் மிச்சத்தைத்தான் காட்டும். நன்றாக இறுகாத கம்போசிட் குறைவாக உறிஞ்சுவதுபோல ஏமாற்றக்கூடும். உண்மையில் அது தன்னையே இழந்துகொண்டிருக்கும்.

7 நாள் ஐ.எஸ்.ஓ. தரத்துக்குப் போதும், மூப்புக்குப் போதாது. 1, 3, 6, 12, 24 மணி, பிறகு 2, 4, 7, 14, 30, 60, 90 நாள் என்று நிறுங்கள். எடைக்கூடுதலை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் தொடக்கம் நேர்கோடாக இருக்கும். இறுதி அளவில் பாதியை எட்டிய நேரம் தெரிந்தால் ஊடுருவல் எண் எளிது: 0.049 × தடிமனின் வர்க்கம் ÷ அந்த நேரம். 1 மி.மீ. வட்டு 14 மணியில் பாதியை எட்டினால் ஏறக்குறைய நொடிக்கு 1 × 10⁻¹² சதுர மீட்டர். கோடு சமநிலையில் நிற்காமல் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால் நீர் புகுவது மட்டும் நடக்கவில்லை. துகளைச் சுற்றிச் சைலேன் விட்டுக்கொடுத்து, புதிதாக உண்டான இடைவெளியில் நீர் தேங்குகிறது.

நீரைப் பற்றி: குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் எதுவும் கூடாது, உப்புப் படியும். கடையில் விற்கும் பேட்டரி தண்ணீர் ஒவ்வொரு கேனும் ஒரு மாதிரி இருக்கும். மின்கடத்துத்திறன் செ.மீ.க்கு 5 மைக்ரோசீமென்ஸுக்குள் இருக்கும் வாலைவடிநீர் வேண்டும். இன்குபேட்டர் விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்க மட்டுமே தெரியும். அறை 38 டிகிரிக்குப் போனால் அது 37-இல் நிற்காது. குளிர்விக்கவும் செய்யும் பி.ஓ.டி. இன்குபேட்டரில் வையுங்கள், உள்ளே பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றைப் போட்டுவையுங்கள். மின்தடை வந்த நேரமெல்லாம் அதில் தெரியும்.

வெற்றிலை போடுபவர்களின் அடைப்பை மனத்தில் வைத்துச் சுண்ணாம்பு நீரிலும் ஊறவைக்கலாம். இந்தப் பகுதிக்கு மிகவும் பொருத்தமான சோதனை. தெளிந்த சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை 12.4 பி.எச். வரை போகும்; எஸ்டரையும் கண்ணாடித் துகளையும் அது நீரைவிட வேகமாக அரிக்கும். ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வட்டின்மேல் வெள்ளையாகப் படியும், எடை கூடும். அமிலத்தால் கழுவினால் துகள் கரையும். எனவே இந்த ஊடகத்தில் எடையை விட்டுவிட்டு, தேய்த்தெடுத்த குறுக்குவெட்டில் நுண்கடினத்தையும் மேற்பரப்பையும் மட்டும் பாருங்கள். பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

எட்டாம் படி: சூடும் குளிரும்

தெர்மோசைக்ளிங்கில் 5 டிகிரி, 55 டிகிரித் தொட்டிகளில் மாறி மாறி 30 நொடி. துகளும் ரெசினும் வெவ்வேறு அளவில் விரிவதால் இடையிலுள்ள பிணைப்பு இழுபடும். 10,000 சுற்று ஓராண்டுக்குச் சமம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள்; கேல், டார்வெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999-இல் முன்வைத்த மதிப்பீடு அது, வாயில் அளந்து நிறுவிய உண்மை அல்ல. இடமாற்ற நேரம் சேர்த்துச் சுற்றுக்கு 80 நொடி என்றால் 10,000 சுற்றுக்கு 8 லட்சம் நொடி, ஒன்பது நாளுக்கு மேல். அந்த ஒன்பது நாளும் மாதிரி நீரில்தான் கிடக்கிறது. அதே நாள்கள் 37 டிகிரி நீரில் சும்மா கிடந்த ஒப்பீட்டுத் தொகுதி இல்லாவிட்டால் வந்த மாற்றம் வெப்பத்தாலா, நீராலா என்று சொல்ல முடியாது. 55 டிகிரித் தொட்டியில் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மட்டத்தைப் பார்த்து வாலைவடிநீரே ஊற்றுங்கள்.

ஒன்பதாம் படி: வலையின் நெருக்கமும் வலிமையும்

இணைவு விழுக்காடு ஒன்றாக இருந்தாலும் வலை ஒன்றாக இருக்காது. ஒரே அளவு கோரையைக் கொண்டு பத்தமடையில் நெருக்க இழையிலும் நெய்யலாம், அகல இழையிலும் நெய்யலாம். எடை ஒன்றுதான், பாய் வேறு. குறுக்குப்பிணைப்பு எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க எளிய வழி எத்தனால். 24 மணி நேரம் கழித்துக் கடினத்தை அளந்து, 75 விழுக்காடு எத்தனால் கலந்த நீரில் இன்னொரு 24 மணி நேரம் 37 டிகிரியில் ஊறவைத்து மறுபடி அளங்கள். தளர்ந்த வலை அதிகம் உப்பி அதிகம் மென்மையாகும். எத்தனால் வாங்க அரசு உரிமம் வேண்டும், கல்லூரி வழியாகத்தான் பெற முடியும். அதற்குப் பதிலாக மெத்திலேட்டட் ஸ்பிரிட்டையோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ பயன்படுத்தாதீர்கள், பிஸ்-ஜி.எம்.ஏ.-வோடு அவை ஒத்துப்போகும் அளவு வேறு.

வளைவு வலிமைக்குச் சட்டத்தை 20 மி.மீ. இடைவெளியில் தாங்கி நடுவில் நிமிடத்துக்கு 0.75 மி.மீ. வேகத்தில் அழுத்துங்கள். 2 × 2 மி.மீ. சட்டத்துக்கு வலிமை என்பது உடைத்த விசை நியூட்டனில் × 3.75. மெல்லும் பரப்புக்கான குறைந்தபட்சம் 80 மெகாபாஸ்கல், அதாவது 21 நியூட்டன்தான். பொறியியல் கல்லூரிகளில் இரும்புக் கம்பி இழுக்கும் பெரிய யு.டி.எம். சோதனை இயந்திரம் இதை உணரவே உணராது. 500 நியூட்டனுக்கு உட்பட்ட லோட்செல் (விசையை உணரும் பாகம்) இருக்கிறதா என்று கேட்டுப் போங்கள். உயரம் வர்க்கத்தில் வருவதால் 2 மி.மீ.யில் 0.05 தவறினால் வலிமையில் 5 விழுக்காடு தவறும். ஒவ்வொரு சட்டத்தையும் உடைக்கும் முன் தனித்தனியே அளங்கள்.

சூடாக்கிக்கொண்டே பொருளின் விறைப்பை அளக்கும் டி.எம்.ஏ. கருவியில் கண்ணாடிநிலை மாற்ற வெப்பம் பார்ப்பவர்கள் முதல் ஓட்டத்தை மட்டும் நம்புங்கள். சூடாக்கும்போதே விடுபட்ட பிணைப்புகள் கோத்துக்கொள்ளும். இரண்டாம் ஓட்டத்தில் இருப்பது வாயில் இருக்கும் பொருள் அல்ல. எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிர் விளிம்பு வளைவு) பற்றி ஒரே வரி: சிலிக்காவும் ரெசினும் அகலமான மேட்டைத்தான் தரும், இறுகுவதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பத்தாம் படி: வெற்றிடங்கள்

மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை நேரடியாகத் தொடும் முறை பாசிட்ரான் வாழ்நாள் அளவீடு. சோடியம்-22 மூலத்தை ஒரே மாதிரியான இரு வட்டுகளுக்கு நடுவே வைப்பார்கள். ரெசினிலுள்ள குழிகளில் சிக்கும் பாசிட்ரோனியம் (ஒரு பாசிட்ரானும் ஓர் எலக்ட்ரானும் சேர்ந்த சோடி) ஒன்றிரண்டு நானோநொடி வாழும். குழி பெரிதானால் வாழ்நாள் கூடும், ஒளியூட்டி வலை இறுகினால் குறையும். நீர் குழியை நிரப்பினாலும் மாறும். கதிரியக்க மூலம் என்பதால் சொந்தமாக வைத்துக்கொள்ளும் காரியம் அல்ல; கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். வட்டு ஒவ்வொன்றும் 1.5 மி.மீ.க்குக் குறையாமல் செய்துகொடுங்கள், இல்லாவிட்டால் பாசிட்ரான் மாதிரியைத் தாண்டிப் போய்விடும். ஃபில்லர் இல்லாத அதே ரெசினிலும் ஒரு சோடி கொடுங்கள். பாசிட்ரான்களில் ஒரு பங்கு துகளுக்குள்ளேயும் துகள் ஓரத்திலும் அழிவதால், கம்போசிட்டை மட்டும் வைத்து ரெசினின் குழியைக் கணிக்க முடியாது.

கடைசியில் உடைந்த துண்டுகள்

உடைந்த சட்டங்களைக் குப்பையில் போட வேண்டாம். உடைந்த முகத்தில் தங்கம் பூசி எஸ்.இ.எம். என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். புதிய மாதிரியில் துகள்மேல் ரெசின் ஒட்டியிருக்கும். சைலேன் போன மாதிரியில் துகள் வெறுமையாகத் தெரியும், துகள் பிடுங்கிப்போன பள்ளங்கள் வழுவழுப்பாக இருக்கும். பிறகு ஒரு கிராம் அளவு துண்டை மஃபிள் உலையில் 600 டிகிரியில் எடை நிலைக்கும் வரை எரியுங்கள். மீந்த சாம்பல் கனிம ஃபில்லரின் பங்கு. முன்பே இறுக்கிப் பொடித்த ரெசின் துகள் கலந்த வகைகளில் அந்தத் துகளின் ரெசினும் எரிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். சாம்பல் 75 விழுக்காடு என்றால், 1 விழுக்காடு எடைக்கூடுதல் என்று நீங்கள் குறித்தது ரெசினின் கணக்கில் 4 விழுக்காடு. இரண்டு கம்போசிட்டுகளின் நீர் உறிஞ்சலை ஒப்பிடும்போது அட்டவணையில் இந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.